பாதியில் நின்ற மீட்பு

அளவீடுகளைத் திரட்டுவதும், திரட்டியவற்றைப் பேணிக் காப்பதும் விஞ்ஞானப் பணியின் இரு கூறுகளாகும். முன்னதைப் பற்றி எழுதப்படுவது மிகுதி. பின்னதைப் பற்றி எழுதப்படுவது குறைவு. மழைமானியை எவ்விடத்தில் நிறுத்த வேண்டும், எத்தனை மணிக்கு அதைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் கையேடுகள் உள்ளன. அவ்வாறு சேர்ந்த எண்களைத் தாங்கி நிற்கும் கணிப்பொறி ஒருநாள் பழுதுற்று, காப்புப் பிரதியிலிருந்து அவற்றை மறுபடி ஏற்றும்போது, அவ்வேற்றம் நடுவழியில் நின்றுபோனால் செய்யத்தக்கது யாது? நான் பணிபுரிந்த அலுவலகங்கள் எதிலும் இதற்கு எழுதிவைத்த விதி இருந்ததில்லை. களத்திலிருந்து எண்களை அனுப்புவோருக்கும், அவ்வெண்களை மாணாக்கருக்கு எடுத்துரைக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் அக்கறை உண்டு என்பதாலேயே இங்கு எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஹைதராபாத்தில் ஓர் அலுவலகத்தில் நிகழ்ந்ததை முதலில் கூறுகிறேன். சுற்றுவட்டார மண்டல்களின் அன்றாட மழை அளவு அங்கே 30 ஆண்டுகளுக்குத் தொகுக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஓர் அட்டவணை. கணிப்பொறியின் தட்டு பழுதாகிப் புதியது வந்தது. ஒரு மாலை நேரத்தில், காப்புப் பிரதியை அதில் ஏற்றும் பணி தொடங்கப்பட்டது. இரவில் மின்தடை. யு.பி.எஸ். மின்கலம் சிறிது நேரம் தாங்கி ஓய்ந்தது. காலையில் வந்த ஊழியர் கணிப்பொறியைத் திறந்து பார்த்தபோது, 18 ஆண்டுகளின் எண்கள் ஏறியிருந்தன. எஞ்சிய 12 ஆண்டுகளின் அட்டவணைகள் பெயரளவில் இருந்தனவேயன்றி உள்ளே ஒன்றுமில்லை. அவர் சுறுசுறுப்பானவர். யாரையும் கேளாமல் அதே ஆணையை மீண்டும் கொடுத்தார். திரையில் பிழைச் செய்திகள் வரிசையாக ஓடின. ‘இந்த அட்டவணை ஏற்கெனவே உள்ளது’ என்பது போன்றவையே பெரும்பாலானவை. ஏற்கெனவே இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் கருதியதில் வியப்பில்லை. பணி முடிந்தது, முப்பது ஆண்டுகளும் திரையில் தெரிந்தன, அலுவலகம் மகிழ்ந்தது.

அவ்வாண்டு பருவமழை இயல்பாகவே பெய்திருந்தது. ஆயினும் மாதாந்திர அறிக்கை தயாரானபோது, மண்டலுக்கு மண்டல் மழை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தது. இயல்பினின்று நூற்றுக்கு இருபது பங்கோ அதற்கு மேலோ குறைந்தால் அது பற்றாக்குறை என வகைப்படுத்தப்படும் என்பதைக் களப்பணியாளர்கள் அறிவர். பற்றாக்குறை என்று எழுதப்பட்டுவிட்டால் விதை, கடன், நிவாரணம் எனப் பல கோப்புகள் அசையத் தொடங்கும். அறிக்கை கையெழுத்துக்குப் போகுமுன், ஒரு மண்டலிலிருந்து முதிய களப்பணியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “அய்யா, எங்கள் ஏரி நிரம்பி வழிகிறது, நீங்கள் மழையில்லை என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன்” என்றார். தாம் வைத்திருந்த காகிதப் பதிவேட்டிலிருந்து பழைய ஆண்டொன்றின் ஜூலை மாதக் கூட்டுத்தொகையைப் படித்தார். கணிப்பொறியில் இருந்தது அதற்குச் சரியாக இரு மடங்கு.

நேர்ந்தது இதுதான். முன்னரே ஏறியிருந்த 18 ஆண்டுகளின் பதிவுகள் இரண்டாம் முறையும் ஏறிவிட்டன. முப்பதில் பதினெட்டு இரு மடங்கானால் முப்பதாண்டுச் சராசரி ஒன்றரை மடங்கைத் தாண்டும். துல்லியமாகச் சொன்னால் 1.6 மடங்கு. இயல்பு மழை 800 மில்லிமீட்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் 1,280 என்று நின்றால், உண்மையில் பெய்த 800 மில்லிமீட்டர் நூற்றுக்கு முப்பத்தேழரை பங்கு குறைவாகத் தோன்றாமல் என் செய்யும்? வானம் பொய்க்கவில்லை, வானத்தை அளந்த ஏடுதான் பொய்த்தது.

ஒரே பதிவு இருமுறை ஏறுவதைத் தடுக்கும் காவல் தரவுத்தளத்தில் இல்லையா என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். உண்டு. ஒரு நிலையத்துக்கு ஒரு நாளில் ஒரு பதிவே இருக்கலாம் என்று விதிக்கும் முதன்மைச் சாவி அது. ஆனால் அங்கே பயன்பட்ட போஸ்ட்கிரெஸ் போன்ற முறைகளில், மீட்டமைப்பு மூன்று கட்டங்களில் நடைபெறும். முதலில் வெற்று அட்டவணைகள் உருவாகும். அடுத்து எண்கள் கொட்டப்படும். இறுதியிலேயே சாவிகளும் சுட்டுகளும் பூட்டப்படும். ஒவ்வொரு பதிவுக்கும் சாவியைச் சரிபார்த்துக்கொண்டே ஏற்றினால் பணி மிகவும் தாமதமாகும் என்பதே இவ்வரிசைக்குக் காரணம். நெல்லை எல்லாம் கொட்டியபின் களஞ்சியத்துக்குக் கதவு பொருத்துவது போன்றது இது. நடுவில் நின்றுபோன தரவுத்தளம் கதவில்லாத களஞ்சியம். இரண்டாம் முறை ஏற்றியபோது, இறுதிக் கட்டத்தில் பதினெட்டு அட்டவணைகளுக்குச் சாவி பூட்ட இயலாமல் போயிற்று. ஒரே பதிவு இரண்டாக இருப்பதால் பூட்ட முடியவில்லை என்று இயந்திரம் பதினெட்டு முறை கூறியது. அப்பதினெட்டு வரிகளும், தீங்கற்ற ‘ஏற்கெனவே உள்ளது’ வரிகளோடு வரிகளாகக் கரைந்துபோயின. புறக்கணிக்கப்பட்ட பிழைகள் இத்தனை என்று கடைசி வரி எண்ணிக்கையும் சொல்லிற்று. அதைப் படிக்க எவருமில்லை.

ஊழியரை நான் குறைகூறவில்லை. பாதி நிரம்பிய ஏடு, முழு ஏட்டின் தோற்றத்தோடு திறந்துகொண்டது. அதுவே தீங்கின் வேர். வெறுமையாக இருந்திருந்தால் ஒருவரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். எஸ்.கியூ.எல். சர்வர் என்னும் மற்றொரு முறையில் மீட்டமைப்பு இடையில் அறுந்தால், ‘மீட்டமைக்கப்படுகிறது’ என்ற நிலையிலேயே தரவுத்தளம் நின்றுவிடும், எவருக்கும் திறந்துகொடாது. அலுவலகங்களில் இதைப் பெருந்தொல்லையாகக் கருதி, எப்படியாவது பலவந்தமாகத் திறந்துவிட வழி தேடுவோரைக் கண்டிருக்கிறேன். என் கருத்தில் அது தொல்லையன்று, நன்மையே. அறுந்த இடத்திலிருந்து தொடருமாறு அதற்கு ஆணையிடலாம். அஃது இயலாவிடில், பிரதி பழுதற்றதா என்று சோதித்துவிட்டு, முதலிலிருந்து மீண்டும் ஏற்றலாம். திறவாமல் நிற்கும் இயந்திரத்தோடு போராடுவதில் ஒரு நாள் போகும். திறந்துகொண்ட பாதி ஏட்டை நம்பினால் ஒரு மாவட்டத்தின் கணக்கே போகும்.

இனி, இவ்வூரின் வரலாற்றிலேயே உள்ள ஓர் எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். கணிப்பொறி தோன்றுவதற்கு முன்பே, நடுவில் நின்றுபோன மாபெரும் பதிவேடு ஒன்றை ஹைதராபாத் எடுத்து முடித்துக் கொடுத்திருக்கிறது. பேகம்பேட்டையில் நிஜாமியா வானாராய்ச்சி நிலையம் இருந்த வளாகத்தைக் கடந்து செல்வோர் பலர் இதனை அறியார்.

1887-இல் பாரிஸ் நகரில் கூடிய வானியலாளர்கள், வானம் முழுவதையும் ஒளிப்படத் தகடுகளில் பதிவுசெய்து, விண்மீன்களின் அட்டவணை ஒன்றை உருவாக்குவதென முடிவு செய்தனர். வானம் வட்டப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, உலகின் பல நிலையங்களுக்குப் பங்கிடப்பட்டது. எல்லாரும் ஒரே வகைத் தொலைநோக்கியைக் கையாள்வது என்றும், வானில் ஒரு கலைத் தூரம் தகட்டில் ஒரு மில்லிமீட்டராக விழ வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. தகடு ஒவ்வொன்றிலும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் நுண்கோட்டுச் சதுரவலை ஒன்றும் பதிக்கப்பட்டது. பின்னாளில் தகட்டின் மேற்பூச்சு சற்றே நெளிந்தாலும் அவ்வலையைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். சில ஆண்டுகளில் முடியும் என எண்ணிய வேலை, தலைமுறைகளை விழுங்கிற்று. பங்கேற்றவர்களிற் சிலர் தொடங்கவேயில்லை. சிலர் தொடங்கி நிறுத்தினர்.

தென் வானில் 17 பாகை முதல் 23 பாகை வரையிலான பட்டை சிலி நாட்டின் சாந்தியாகோவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கு அது நிறைவேறவில்லை. ஹைதராபாத்தில் நவாப் ஜஃபர் ஜங் என்னும் பிரபு தம் சொந்தச் செலவில் தொலைநோக்கிகளை வாங்கி 1901-இல் தொடங்கிய நிலையத்தை, 1908-இல் நிஜாம் அரசு ஏற்றுக்கொண்டது. கைவிடப்பட்ட அப்பட்டை இந்நிலையத்தின் பொறுப்புக்கு வந்தது. முதல் இயக்குநரான சாட்வுட் கருவிகளை நிறுவினார். 1914-இல் அவருக்குப் பின் வந்த போக்காக், 1918-இல் காலமானார். அதன்பின் தி. ப. பாஸ்கரன் பொறுப்பேற்று, 1944 வரை கால் நூற்றாண்டுக்கு மேல் பணியை நடத்தினார். இடையில் ஓர் உலகப் போர்; நிர்வாகம் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது; தலைவர் இறந்தார். ஆயினும் அட்டவணை கலங்கவில்லை. காரணம் எளியது. பணியின் அலகு ஒரு தகடு. தகட்டுக்கு எண் உண்டு, நாள் உண்டு, வானில் அது நோக்கிய மையம் இன்னதென்ற குறிப்பு உண்டு. ஒரு தகடு ஒன்று அளந்து முடிந்தது அல்லது அளந்து முடியாதது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் எதுவும் அச்சேறவில்லை. புதிதாக வந்தவர் எந்தத் தகட்டிலிருந்து தொடங்க வேண்டுமென்று எவரையும் வினவ வேண்டியதில்லை.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது வடவானத்தின் கதை. வடக்கே 32 முதல் 39 பாகை வரை ஜெர்மனியின் போட்ஸ்டாம் நிலையத்துக்குரியது. அவர்கள் 1893 முதல் தகடுகளை எடுத்து, ஒரு பகுதியை அளந்து, சில தொகுதிகளை வெளியிட்டபின் பணி நின்றுவிட்டது. அச்சான தொகுதிகள் உலக நூலகங்களில் இருந்தன. இதைக் காட்டிலும் பொருத்தமாக ‘பாதி ஏறிய ஏடு’ என்று வேறெதைச் சொல்ல முடியும்? விட்ட இடங்களை மட்டும் நிரப்பிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அவ்வாறு செய்யப்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு இரண்டு பாகைகளையும், பெல்ஜியத்தின் உக்ளே இரண்டு பாகைகளையும், ஹைதராபாத் 36 முதல் 39 வரையிலான நான்கு பாகைகளையும் ஏற்று, தத்தம் பட்டையைப் புதிய தகடுகளில் முழுமையாக எடுத்தன. ஹைதராபாத்தில் அது 1928-ஐ ஒட்டித் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்தது.

இதை வீண் உழைப்பு என்று கருதுவோர், விண்மீன்கள் அசையாதவை அல்ல என்பதை நினைவுகூர வேண்டும். 1895-இல் எடுத்த தகட்டையும் 1930-இல் எடுத்த தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால், ஒட்டுவாயின் இருபுறமும் இருவேறு காலத்து வானம் இருக்கும். பார்வைக்கு முழுமை, உள்ளே முறிவு. ஒரு பட்டை முழுவதும் ஒரே கருவியில், ஒரே கைகளில், அண்மைக் காலங்களில் எடுக்கப்பட்டால், பிழை இருந்தாலும் அது ஒரே சீராக இருக்கும். சீரான பிழையைப் பின்னர் கண்டு நீக்கலாம். அறுந்த மீட்டமைப்பை முதலிலிருந்து தொடங்குவதே முறை என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே ஆதாரம். எல்லை ஐயத்துக்கிடமின்றிக் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அங்கிருந்து தொடரலாம். ஊகித்த எல்லையிலிருந்து ஒருபோதும் தொடரலாகாது.

இரு பட்டைகளிலுமாக ஹைதராபாத் அளந்து அச்சிட்ட விண்மீன்கள் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்டவை. உலக அட்டவணை முழுவதும் அச்சாகி முடிய 1964 வரை ஆயிற்று. வான்படம் வரையும் மற்றொரு பகுதியோ நிறைவுறாமலே 1970-இல் கைவிடப்பட்டது.

இவ்வட்டவணையின் மறுவாழ்வும் அறியத்தக்கது. அத்தொகுதிகளில் அச்சிடப்பட்டவை வானத்து நிலைகள் அல்ல. தகட்டின் மையத்திலிருந்து குறுக்கேயும் நெடுக்கேயும் அளந்த தூரங்கள். அதாவது கச்சா எண்கள். பயன்படுத்த நினைப்போர் ஒவ்வொரு முறையும் கணக்குப்போட்டு வானத்து நிலையைப் பெறவேண்டியிருந்ததால், பல்லாண்டுகள் இது பெருங்குறையாகப் பேசப்பட்டது. ஆனால் 1980-களிலும் 1990-களிலும் மாஸ்கோவின் ஸ்டெர்ன்பெர்க் நிலையத்திலும் வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை வானாராய்ச்சி நிலையத்திலும் இவ்வெண்கள் கணிப்பொறிக்கு மாற்றப்பட்டபோது, அக்குறையே நிறையாயிற்று. 1989-இல் விண்ணில் ஏவப்பட்ட ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள், ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் விண்மீன்களின் இருப்பிடங்களை மிகுந்த துல்லியத்துடன் அளந்திருந்தது. அவற்றை ஆதாரமாகக் கொண்டு பழைய தகடுகளின் கணக்கைப் புதிதாகப் போட்டனர். 46 லட்சம் விண்மீன்கள் கொண்ட ஏ.சி. 2000 என்னும் அட்டவணை 1997-இல் உருவாயிற்று. அதன் பழைய நிலைகளைச் செயற்கைக்கோளின் புதிய நிலைகளோடு ஒப்பிட்டு, 25 லட்சம் விண்மீன்கள் நகரும் வேகத்தைக் கூறும் டைக்கோ-2 அட்டவணை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பேகம்பேட்டையில் இரவெல்லாம் விழித்திருந்து தகடு மாற்றியவர்களின் உழைப்பு, அவர்கள் கனவிலும் கண்டிராத கருவியோடு சேர்ந்து பயன் தந்தது. அன்றைய கணக்கின்படி திருத்திய நிலைகளை மட்டும் அச்சிட்டு, கச்சா எண்களை எறிந்திருந்தால் இது கைகூடியிராது.

காப்புப் பிரதி எடுப்போர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் அலுவலகங்கள் பலவற்றில் மாதச் சராசரிகளும் விளக்கப்படங்களும் பத்திரமாக உள்ளன. அன்றாட எண்கள் எங்கோ ஒரு கோப்பில் கிடக்கின்றன. சராசரியிலிருந்து அன்றாட எண்ணை மீட்க எந்த மந்திரமும் இல்லை.

மீட்டமைப்புக்கு வருவோம். இருக்கும் தரவுத்தளத்தின் மேலேயே ஏற்றுவதை விட்டு, வேறு பெயரில் ஒதுக்கமான இடத்தில் ஏற்றிச் சரிபார்த்த பின்னரே பெயரை மாற்றிப் பயனாளருக்குத் திறந்துவிட வேண்டும் என்பது என் துணிவு. அப்போது நடுவில் அறுந்தால், அரைகுறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், எவருக்கும் கேடில்லை. போஸ்ட்கிரெஸில் முழு மீட்டமைப்பையும் ஒரே பரிவர்த்தனையாக நடத்தும் வசதியும் உண்டு: எல்லாம் ஏறும், இல்லையேல் ஒன்றும் ஏறாது. பல கைகளால் ஒரே நேரத்தில் ஏற்றி விரைவு காணும் வசதியை இதனோடு சேர்த்துப் பயன்படுத்த முடியாது என்பது உண்மையே. முதல் பிழையிலேயே பணியை நிறுத்திவிடுமாறும் ஆணையிடலாம். அந்த ஒரு சொல் அன்றிருந்திருப்பின் இருமடி மழை பெய்திராது.

இதற்கெல்லாம் இரு மடங்கு தட்டு இடம் வேண்டும், நேரம் வேண்டும் என்று மறுப்பார்கள். தட்டில் இடமின்றி நடுவில் நின்றுபோன மீட்டமைப்புகளும் உண்டு என்பதால், அவ்விடத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வாங்குவது எப்படியும் தவிர்க்க முடியாத செலவு. நேரத்தைப் பற்றிய மறுப்புக்கு நான் செவிசாய்ப்பதற்கில்லை. ஆண்டுக்கொருமுறை தீயணைப்பு ஒத்திகை நடத்த நேரம் ஒதுக்கும் அலுவலகம், காப்புப் பிரதியை ஏற்றிப் பார்க்கும் ஒத்திகைக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கலாகாதா? ஒத்திகையின் நடுவே வேண்டுமென்றே ஒருமுறை பணியை நிறுத்தி, எஞ்சியது எந்நிலையில் உள்ளது என்று ஊழியர்கள் கண்ணாற் காண வேண்டும். பயிற்சிக் கல்லூரி ஆசிரியர்கள் இதைச் செய்முறைப் பாடமாகவே வைக்கலாம்: பத்து மாணாக்கரின் மதிப்பெண் பட்டியல் போதும்.

அந்த மழை ஏட்டின் முடிவைக் கூறவில்லை. அறிக்கை நிறுத்தி வைக்கப்பட்டது. இருமடி ஏறிய தரவுத்தளத்தைத் திருத்த முற்படாமல் முற்றிலும் நீக்கிவிட்டு, வேறு பெயரில், முதற்பிழையில் நிற்குமாறு மூன்றாம் முறை ஏற்றினோம். விடியற்காலை நான்கு மணிக்கு முடிந்தது. முப்பது அட்டவணைகளிலும் பதிவுகளை எண்ணி, நிலையங்களின் எண்ணிக்கையை ஆண்டின் நாட்களால் பெருக்கி வந்த தொகையோடு ஒப்பிட்டோம். இருபத்தொன்பது ஒத்தன. ஒன்றில் மட்டும் ஒரு பதிவு குறைந்தது, அது நெட்டாண்டு. முன்பு தொலைபேசியில் அழைத்த களப்பணியாளரிடமே கேட்டோம். அவர் பதிவேட்டைப் புரட்டி, அவ்வாண்டு பிப்ரவரி 29-ஆம் நாளுக்குரிய கட்டம் வெறுமையாக இருப்பதாகவும், அன்று தமக்குக் காய்ச்சல் என்று ஓரத்தில் எழுதியிருப்பதாகவும் சொன்னார். கணிப்பொறியிலும் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டோம்.